முழங்காலில் கட்டிய துண்டு

"பதினொரு நாளாச்சுங்க அம்மிணி. கொக்கியை மாட்டறேன், கழட்டறேன். இன்னும் வண்டியை நகர்த்தவே விடலை."

சொன்னவர் சென்னியப்பன். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் ஓட்டிய பஸ்ஸில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

ராக்கினி குனிந்து, அவருடைய பிக்கப்பையும் கேரவனையும் பிணைக்கிற சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரைவிட இருபது வயது இளையவள். ஒரு குதிரைப் பண்ணையில் வேலை பார்த்தவள். பிக்கப்பின் பின்னால் டிரெய்லரை மாட்டி, பன்னிரண்டு வருடம் பந்தயக் குதிரைகளை ஊர் ஊராகக் கொண்டுபோனவள்.

"பிரேக் பிடிக்கத் தெரியாதவரா இருந்தா ரெண்டு நாள்ல விட்டிருப்பேனுங்ணா" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. கோபம் வந்தது.

கொக்கியைக் கழற்றினார். மறுபடியும் மாட்டினார்.

*

எல்லாம் அவர் மனைவி தெய்வாத்தாளுக்காக.

குடலில் அறுவை சிகிச்சை நடந்து மூன்று வருடம். அரை மணிக்கு ஒருமுறை அவளுக்குக் கழிவறை வேண்டும். அதனால் பஸ் இல்லை, ரயில் இல்லை, கல்யாணம் காட்சி இல்லை. தூத்துக்குடியில் மகள் வீட்டில் பேரனுக்குப் பதினான்கு மாதம் ஆகிவிட்டது. கைபேசியில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் காது குத்து.

சென்னியப்பன் பழைய கேரவன் ஒன்றை வாங்கினார். வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற சின்ன வீடு. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு கழிவறை. பிக்கப்பின் பின் இருக்கையில் அவள் உட்கார்ந்து வருவாள். வேண்டும்போது ஓரமாக நிறுத்தினால் இறங்கிப் போய் வரலாம்.

வாங்கி வந்த அன்றே தெருமுனையில் திருப்பும்போது எதிர்வீட்டுக் காம்பவுண்டுத் தூணைச் சாய்த்துவிட்டார். தெய்வாத்தாள் வாசலில் நின்று பார்த்தாள்.

அந்த ராக்கினியைப் பற்றி அவளிடம் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"அந்தப் புள்ள சரின்னு சொன்னாத்தான் நான் ஏறுவேன்" என்றாள்.

டிப்போக்காரர்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். ஒருவர், என்ன சென்னி, மறுபடியும் எல் போர்டா என்று கேட்டார். குதிரை இழுத்துத்தான் பார்த்திருக்கிறோம், குதிரையை இழுத்தவங்களை இப்போதுதான் பார்க்கிறோம் என்றார் மற்றவர். அவர்களோடு சேர்ந்து ராக்கினியும் சிரித்தாள். சென்னியப்பன் சிரிக்கவில்லை.

*

பன்னிரண்டாம் நாள் புதன்கிழமை. ஊருக்குக் கொண்டுபோகிற சாமான் எல்லாவற்றையும் ஏற்றச் சொன்னாள் ராக்கினி.

அவர் ஒரு மணி நேரம் ஏற்றினார். இரண்டு தண்ணீர் டிரம், அரிசி மூட்டை, சிலிண்டர், வாழைத்தார். கேரவனின் கடைசி மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அசையாதபடி கயிறு போட்டு இறுக்கினார். முன்பக்கம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

"முன்னால இருக்கற கம்பியைப் பிடிச்சுத் தூக்குங்க."

ஒரு கையால் தூக்கினார். வந்துவிட்டது.

"பூ மாதிரி இருக்குது அம்மிணி."

அவள் நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. மாட்டச் சொன்னாள்.

அவர் ஏறி உட்கார்ந்ததும், அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வலது முழங்காலில் கட்டினாள். மறுமுனையைத் தன் இடது கையில் சுற்றிக்கொண்டாள்.

"முட்டி வலிக்கு வைத்தியமா?"

 வலது கையை இருவருக்கும் நடுவில் இருந்த சின்ன லீவர் ஒன்றின்மேல் வைத்துக்கொண்டாள். கேரவனின் சக்கரங்களுக்கு மட்டுமான பிரேக் அது.

*

அன்னூர் பக்கம் புதிதாகப் போட்ட புறவழிச் சாலை. இன்னும் திறக்கவில்லை. ஒரு ஈ காக்கை இல்லை. அறுபதுக்கு மேல் போகக் கூடாது என்று மட்டும் சொன்னாள்.

நாற்பதில் ஒன்றும் இல்லை.

ஐம்பதில் அவர் கோத்தகிரி மலையின் ஒரு வளைவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அந்த வளைவில் ஓட்டியவனுக்கு இந்த நேர் ரோடு எம்மாத்திரம் என்றார்.

அறுபதில் பின்னாலிருந்து யாரோ தோளைத் தொட்டதுபோல் இருந்தது.

கண்ணாடியில் பார்த்தார். கேரவனின் வால் இடப்பக்கம் போனது. வலப்பக்கம் வந்தது. மறுபடியும் இடப்பக்கம். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் அதிகமாக.

என்ன செய்ய வேண்டும் என்று அவருடைய காலுக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருடத்தில் அது ஒருமுறைகூடத் தப்பு செய்ததில்லை.

பிரேக்கை மிதித்தது.

கேரவன் நிற்கவில்லை. தள்ளியது. பிக்கப்பின் பின்பக்கம் வழுக்கியது. முன் கண்ணாடியில் ரோடு இல்லை. பாலத்தின் கைப்பிடிச் சுவர் இருந்தது.

துண்டு வெடுக்கென்று இழுபட்டது.

முழங்கால் மேலே வந்தது. பாதம் பிரேக்கை விட்டது. ராக்கினியின் வலது கை லீவரை அழுத்தியது. ஓடுகிறவனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்ததுபோல் கேரவன் பிக்கப்பை இழுத்தது. ஒருமுறை ஆடியது. கொஞ்சமாக இன்னொருமுறை ஆடியது.

நேராயிற்று. மெல்ல உருண்டு நின்றது.

*

ஸ்டியரிங்கிலிருந்து அவருக்குக் கை வரவில்லை. பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

தூத்துக்குடி வேண்டாம் என்றார். பேரனைக் கைபேசியிலேயே பார்த்துக்கொள்கிறோம் என்றார். தெய்வாத்தாளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை என்றார்.

ராக்கினி அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை.

"உங்க பஸ்ல கூட்டம் ஏறினா கண்டக்டர் என்னங்ணா சொல்வாரு?"

"உள்ள போ, பின்னால போ, பின்னால எடம் இருக்குதுன்னு..."

நிறுத்திக்கொண்டார். கனமெல்லாம் கேரவனின் வாலில் இருந்தது.

இறங்கிப் போய்க் கேரவனின் கதவைத் திறந்தார். கட்டிய கயிற்றை அவிழ்த்தார். டிரம்களை ஒவ்வொன்றாக உருட்டி, சக்கரத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார். பிறகு அரிசி மூட்டை, சிலிண்டர். வாழைத்தாரை மட்டும் பின்னால் விட்டார். அவள் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும் கட்டிவிட்டு, கொக்கியைக் கழற்றி, முன்கம்பியைப் பிடித்தார். ஒரு கைக்கு அசையவில்லை. முட்டியை மடக்கி, இரண்டு கையாலும் தம் பிடித்துத் தூக்கினார். விரலளவு வந்தது.

"இப்பக் கனக்குது."

"மாட்டுங்க" என்றாள்.

அன்று பொழுது சாயும்வரை அந்த ரோட்டில் போனார்கள், வந்தார்கள். வியாழனும் வெள்ளியும் அப்படியே. கேரவன் ஆடவே இல்லை. ஆடாததால், பிரேக்குக்குப் போகிற தன் காலை நம்பலாமா என்று அவருக்கு மட்டும் தெரியவில்லை.

*

சனிக்கிழமை விடியற்காலை. தெய்வாத்தாள் பின் இருக்கையில் ஏறினாள். ராக்கினி முன்னால்.

சென்னியப்பனே துண்டை எடுத்து நீட்டினார்.

ராக்கினி அவர் முழங்காலில் கட்டினாள். மறுமுனையைத் தான் வைத்துக்கொள்ளவில்லை. பின்னால் திரும்பித் தெய்வாத்தாளின் கையில் கொடுத்தாள்.

"வண்டி ஆடினா இழுங்கக்கா."

"முப்பத்தஞ்சு வருஷமா இழுத்துப் பாத்துட்டேன் கண்ணு" என்றாள் தெய்வாத்தாள். "வர மாட்டாரு."

பல்லடம் தாண்டுவதற்குள் நான்கு இடத்தில் நிறுத்தினார்கள். ஒவ்வொரு இடத்திலும் அவள் இறங்கிப் போய் வரும்வரை அவர் கொக்கியைத் தொட்டுப் பார்த்தார், சங்கிலியைத் தொட்டுப் பார்த்தார்.

அதற்கப்புறம் இரண்டு பக்கமும் காற்றாலைகள். ஆனி மாதக் காற்று வலப்பக்கமிருந்து வண்டியை விடாமல் தள்ளிக்கொண்டிருந்தது.

பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அவர் வேகத்தைக் குறைத்து இடம் விட்டார். பஸ் பக்கத்தில் வந்தது. காற்று நின்றுபோனது. பஸ் கடந்தது. நின்ற காற்றெல்லாம் சேர்ந்து ஒரே அடியாகக் கேரவனின்மேல் விழுந்தது.

வால் இடப்பக்கம் போனது. வலப்பக்கம் வந்தது.

ராக்கினி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இரண்டு கையும் மடியில் இருந்தன.

பின் கண்ணாடியில் கேரவனின் வெள்ளைச் சுவர் ஒதுங்கி ஒதுங்கி வருவதைத் தெய்வாத்தாள் பார்த்தாள். துண்டைக் கசக்கிப் பிடித்துக்கொண்டாள். 

அவருடைய கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து எழுந்து பிரேக்குக்குப் போனது.

பாதி வழியில் நின்றது.

திரும்பி வந்து, எதையும் மிதிக்காமல், வெறும் தரையில் இறங்கியது. வலது கை ஸ்டியரிங்கை அசைக்காமல் பிடித்திருந்தது. இடது கை லீவரைத் தேடிப் போய் அழுத்தியது.

கேரவன் ஒருமுறை ஆடியது. கொஞ்சமாக இன்னொருமுறை. பிறகு ரோடு நேராகக் கிடந்தது.

 தாராபுரத்துக்கு எட்டு கிலோமீட்டர் என்று ஒரு கல் போனது.

ராக்கினி பின்னால் திரும்பினாள்.

"நீங்க இழுத்தீங்களாக்கா?"

தெய்வாத்தாள் தன் கையைப் பார்த்தாள். அவள் கைக்கும் அவர் முழங்காலுக்கும் நடுவில் துண்டு தொய்ந்து கிடந்தது.

"இல்லையே கண்ணு."

"அப்ப அடுத்த ஸ்டாப்புல என்னை இறக்கி விட்டுடுங்ணா. திரும்பிப் போறதுக்கு பஸ் இருக்குது."