மடத்துக்கு வந்த புது அரிசி

தை மாதக் கடைசி வெள்ளி. சிஷ்யர் பூவலிங்கம் துண்டை உதறிக்கொண்டு மடத்துக்குள் வந்தார். வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

“என்னால் முடியவில்லை, தாயே. இந்த ஊரோடு மல்லுக்கட்டியது போதும், ஆளை விடுங்கள்.”

குரு அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருந்தாள். “என்ன ஆச்சு?”

“மூன்று மாதம் பெய்யவேண்டிய மழை மூன்று நாளில் கொட்டிவிட்டு ஓடுகிறது. நெல் தாங்காது, குதிரைவாலி போடுங்கள் என்று ஆறு வருடமாகக் கத்துகிறேன். நன்றாகத் தலையாட்டுகிறார்கள். நெல்லையே விதைக்கிறார்கள். கருகியதும் திருப்பூருக்கு பஸ் ஏறுகிறார்கள். இவர்களை என்னதான் செய்வது?”

“ஒருவர்கூடவா கேட்கவில்லை?”

“ஒருத்தி கேட்டாள். செம்பாயி.”

“விளைந்ததா?”

“எட்டு மூட்டை. இந்த வருடம் ஊரில் அறுவடை நடந்ததே அவள் வயலில்தான்.”

“எங்கே அவள்?”

“வாசலில் நிற்கிறாள். என்னோடு சண்டை.”

குரு எழுந்து வாசலுக்குப் போனாள்.

ஊர் வயல்களுக்குத் தண்ணீர் தரும் கண்மாய் மடத்துடையது. தைக் கடைசி வெள்ளியில் மடத்துப் பொங்கலுக்கு வீட்டுக்கு ஒரு படி புது அரிசி கொடுக்க வேண்டும். கொடுத்தவர்களுக்குத்தான் மாசிப் பருத்திக்கு மடை திறப்பார்கள். அதுதான் வழக்கம். கண்மாயில் மிச்சம் கிடந்ததோ முழங்கால் தண்ணீர்.

செம்பாயி படி நிறையக் குதிரைவாலி அரிசியோடு நின்றாள்.

“நீங்களே கேளுங்க தாயி. இவுக சொன்னதத்தான் வெதச்சேன். இப்ப எம் பருத்திக்குத் தண்ணி கெடையாதாம். பருத்தியும் போடலேன்னா நானும் திருப்பூருதான்.”

“விதைக்கத்தானே சொன்னேன்?” என்றார் பூவலிங்கம். “மடத்துக்குத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னேனா? பொங்கலுக்கு நெல்லரிசிதான். ஒரு படி கடையில் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயேன்.”

“நல்லாருக்கு சாமி! வெளஞ்சத வீட்டுல வச்சுட்டு, புது அரிசிய வெலைக்கு வாங்கணுமாக்கும்?”

பின்னால் பாயில் ஊரார் கொடுத்த அரிசி குவிந்திருந்தது. குரு ஒரு கை அள்ளினாள்.

“இது யார் வயலில் விளைந்தது?”



செம்பாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ரேசன் அரிசி தாயி. காலையில அம்புட்டுப் பேரும் அங்கதான வரிசையில நின்னாக. கருகவிட்டவுகளுக்குத் தண்ணி உண்டு. அறுத்தவளுக்கு இல்ல.”

“எனக்கும் தெரியும்,” என்றார் பூவலிங்கம் எரிச்சலாக. “நூறு வருட வழக்கம், தாயே. நான் என்ன செய்யட்டும்?”

“அந்த நூறு வருடத்து மழையையும் கொண்டுவாருங்கள். வழக்கத்தை வைத்துக்கொள்வோம்.”

குரு செம்பாயியின் படியை வாங்கினாள். உள்ளே போய்க் கொதிக்கும் உலையில் கொட்டினாள்.

பூவலிங்கம் அடுப்பருகே வந்தார்.

“சரி. நாளைக்கு ஊரைக் கூட்டுகிறேன். இந்தத் தடவை எப்படிச் சொன்னால் கேட்பார்கள், தாயே?”

“ஒன்றும் சொல்ல வேண்டாம். மண்வெட்டியை எடுங்கள், மடையைத் திறப்போம். முதல் தண்ணீர் யார் வயலுக்குப் போகிறதென்று கரையில் நின்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.”