பூசணிக்காய்க்கு எழுந்து நிற்பதா?

முன்னொரு காலத்தில் என்று சொன்னால்தான் கதை கேட்பவர்கள் காலை நீட்டி உட்காருவார்கள். ஆகவே, முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில் ஓர் அரசர் இருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காதில் யார் எதைப் போட்டாலும் அன்று முழுக்க அது அங்கேயே குடியிருக்கும். அவருக்குத் திடீரென்று ஓர் ஆசை பிடித்தது. அரண்மனையில் யார் கதை சொன்னாலும் அதிலிருந்து நீதியைப் பிரித்தெடுத்துத் தமக்குச் சொல்ல வேண்டுமாம். அந்த வேலை அவைப்புலவர் நீதிமணியாருக்குக் கிடைத்தது.

புலவருக்கு அரண்மனை விகடகவி சடையப்பனைக் கண்டாலே ஆகாது. மாதக்கணக்காக எழுதிய பாட்டைப் புலவர் படித்தால் அரசர் கொட்டாவி விடுவார். சடையப்பன் தும்மினால்கூட விழுந்து விழுந்து சிரிப்பார். வயிறு எரியாதா? ஆனால் சடையப்பனை நேரே தொட முடியாது. அவன் அக்காள் காத்தாயி, இளவரசிக்குச் சோறூட்டும் தாதி. புலவர் அங்கே கை வைத்தார்.

ஒருநாள் ஐந்து வயது இளவரசி செங்கமலத்துக்குக் காத்தாயி ஒரு கதை சொன்னாள். மலை உச்சியிலிருந்து ஒரு பூசணிக்காய், "வழி விடு, வழி விடு!" என்று கத்திக்கொண்டே உருண்டு வந்ததாம். முயல் ஓடியது, நரி ஓடியது, கரடிகூட ஓடியது. அடிவாரத்தில் ஓர் எருமை மட்டும் அசைபோட்டபடி நின்றது. பூசணிக்காய் அதன் கொம்பில் மோதி உடைந்தது. எருமை அதைத் தின்றுவிட்டுப் போயிற்று. கதை அவ்வளவுதான்.

மறுநாள் அவையில் புலவர் எழுந்து, ஒளிந்து கேட்ட அந்தக் கதையை ஒப்பித்தார்.

"அரசே, வழி விடு என்ற முழக்கத்தோடு வருபவர் யார்? தாங்கள் வீதியில் எழுந்தருளும்போது கட்டியக்காரர்கள் முன்னே சென்று கூவுகிறார்களே! பூசணிக்காய் தாங்கள்தான். எருமை, குடிமக்கள். அரசனுக்கு வழி விடாதே என்பதே காத்தாயி கதையின் நீதி."

அரசரின் கை தன்னையறியாமல் தொந்தியைத் தடவியது. முகம் சிவந்தது.

"நாளை சூரியன் மறைவதற்குள் அவள் நாட்டை விட்டுப் போகட்டும்!"

சடையப்பன் முன்னே ஓடி வந்தான். தாயில்லாத அவனை வளர்த்தவள் அக்காள்தான்.

"அரசே, நாளைக் காலை அவையில் பேச அனுமதி தாருங்கள். அவள் குற்றமற்றவள் என்று நிரூபிக்காவிட்டால் நானும் அவளோடு போய்விடுகிறேன்" என்றான்.

மூட்டை கட்டியபடியே காத்தாயி அழுதாள். "நான் என்னடா தம்பி தப்பாச் சொல்லிட்டேன்? பூசணிக்காயப் பூசணிக்காய்னுதானே சொன்னேன்! அதுல ராசாவ எவன்டா பாத்தான்?"

சடையப்பன் அப்படியே நின்றான். பிறகு சிரித்தான். "அக்கா, மூட்டையப் பிரி" என்று சொல்லிவிட்டுக் காய்கறிக் கடைக்கு ஓடினான்.

மறுநாள் அவை கூடியது. அரசர் அரியணையில் அமர்ந்திருந்தார். வாசலில் திடீரென்று, "பராக்! பராக்! வழி விடுங்கள்!" என்று குரல் கேட்டது. சடையப்பன்தான் கட்டியம் கூறினான். அவனுக்கு முன்னால் மிகப் பெரிய பூசணிக்காய் ஒன்று உருண்டு வந்து அவை நடுவே நின்றது. எல்லோரும் சிரித்தார்கள். புலவர் ஆசனத்தில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அரசே, அவைக்குள் அரசர் வரும்போது எழாதவருக்கு என்ன தண்டனை?" என்றான் சடையப்பன்.

"நாடு கடத்தல். உனக்குத் தெரியாதா?"

"பூசணிக்காய்தான் அரசர் என்று நேற்று இந்த அவையில் சொன்னவர் நீதிமணியார். இதோ, பூசணிக்காய் எழுந்தருளிவிட்டது. அவர் உட்கார்ந்திருக்கிறாரே?"

புலவரின் சிரிப்பு பாதியில் நின்றது. பதறி எழப் போனார். எழுந்தால், அரசரை முகத்துக்கு நேரே பூசணிக்காய் என்றதாகிவிடும். உட்கார்ந்தாலோ தண்டனை. உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அந்தரத்தில் தொங்கினார்.

"அரசே, அது வெறும் பூசணிக்காய்தான்!" என்று அலறினார்.

"என் அக்காளும் அதைத்தான் சொல்கிறாள்" என்றான் சடையப்பன்.

அரசர் கிரீடம் நழுவச் சிரித்தார். ஆனாலும் ஆசை விடவில்லை. காத்தாயியை அழைத்து, "உன் கதையின் நீதிதான் என்ன?" என்று கேட்டார்.

"நீதியா? எனக்கென்ன மகராசா தெரியும்? பாப்பா பூசணிக்காய்க் கூட்டு வேண்டாம்னு அடம் புடிச்சுது. எருமையே திங்குதே, நீ திங்க மாட்டியான்னேன். ரெண்டு கிண்ணம் காலி."

அவையே சிரிப்பில் அதிர்ந்தது. அரசர் தம் பட்டுச் சால்வையைச் சடையப்பனுக்குப் போர்த்தினார். முத்துமாலையைக் காத்தாயிக்குத் தந்தார். புலவருக்கும் ஒன்று கிடைத்தது. ஒரு மாதம் இளவரசிக்கு அவர்தான் சோறூட்ட வேண்டும்.

முதல் நாள் புலவர் நீதியை முதலில் சொல்லிவிட்டுக் கதையை ஆரம்பித்தார். குழந்தை வாயை இறுக மூடிக்கொண்டது. இரண்டாம் நாள் நீதியைக் கடைசியில் வைத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்துப் பார்த்தார். குழந்தை தட்டைத் தள்ளிவிட்டது. மூன்றாம் நாள், தாடியெல்லாம் பருப்பாக, சமையற்கட்டு வாசலில் வந்து தயங்கி நின்றார்.

"காத்தாயி அம்மா, எனக்கும் ஒரு கதை சொல்லிக் கொடுங்கள்" என்றார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "நீதி இல்லாததாக இருந்தால் நல்லது."