மாதியின் ஒற்றைக் கிழங்கு

பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, மொச்சை உரித்துக்கொண்டே நான் சொல்கிற கதை இது. தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம் விழுகிறது. கதை நடுவில் வருகிறது.

மலை மேலே காட்டு ஓரத்தில் மாதி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தது. மலைக்குக் கீழே குளத்தங்கரையில் செவத்தி என்று ஒரு முயல் இருந்தது. இரண்டுக்கும் பூச்செடி என்றால் பைத்தியம். ஒன்றின் முகத்தை இன்னொன்று பார்த்ததே கிடையாது. மேலும் கீழும் பறந்து திரிகிற வாலாட்டிக் குருவிதான் விதையைக் கொண்டுபோகும், சேதியைக் கொண்டுவரும். அப்படியே இரண்டும் சிநேகிதமாகிவிட்டன.

மாதியிடம் ஒரே ஒரு டேலியா கிழங்கு மிச்சம் இருந்தது. மற்றதையெல்லாம் காட்டுப்பன்றி தின்றுவிட்டுப் போய்விட்டது. முள்ளம்பன்றிக்குக் கிழங்கைப் பார்த்தாலே எச்சில் ஊறும். ஆனாலும் அந்த ஒன்றை மட்டும் மாதி தொடவில்லை. காய்ந்த இலையில் சுற்றி வளைக்குள் பத்திரமாக வைத்திருந்தது. பனி போன பிறகு நட்டால் வெயில் காலத்தில் பூக்கும். அதுவும் போய்விட்டால் மாதிக்கு டேலியாவே கிடையாது.

தை மாதம் வந்தது. மலையில் உறைபனி. விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் உப்பைக் கொட்டியது போல் வெளுத்துக் கிடக்கும். கீழே குளத்தங்கரையிலோ நல்ல இதமான வெயில். செவத்தியின் சாமந்தி பூத்துவிட்டது.

செவத்தி குருவியைக் கூப்பிட்டது.

"குருவி! மாதியக்காகிட்ட சொல்லு, என் சாமந்தி பூத்துடுச்சு! அவங்க தோட்டத்துல என்ன பூத்திருக்குன்னு கேட்டுட்டு வா!"

குருவிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சேதியை அப்படியே சொல்லாது. கொஞ்சம் தாளித்துத்தான் சொல்லும்.

"மாதி! கீழே பூவா அது! கால் வைக்க இடமில்லை! உன் தோட்டம் ஏன் இப்படி மொட்டைத் தலை மாதிரி கிடக்கு? என்ன பூத்திருக்குன்னு செவத்தி கேட்கிறா. நான் போய் என்னத்தைச் சொல்ல?"

மாதிக்குச் சுருக்கென்றது.

"டேலியா மொட்டு வச்சிருக்குன்னு சொல்லு!"

"எங்கே? ஒண்ணையும் காணோமே!"

"சொல்லுன்னா சொல்லேன்! பார்க்கவா போறா?"

குருவி பறந்தது. ஒரு மொட்டை ஒன்பது மொட்டாக்கிச் சொன்னது.

செவத்தி துள்ளியது. "இந்தப் பனியிலயா! அடேங்கப்பா! அதை நான் கண்ணால பார்க்கணும். கிளம்பிட்டேன்னு சொல்லிடு!"

அதைக் கேட்டதும் மாதியின் முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது.

"ஐயையோ! நிஜமாவே வர்றாளா?"

"வந்துக்கிட்டே இருக்கா. உன் பாடு, அவ பாடு!" என்று குருவி வாலை ஆட்டியது.

மாதிக்கு ஒன்றும் ஓடவில்லை. வளைக்குள் போனது. கிழங்கை எடுத்தது. பாறை ஓரத்தில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து நட்டது. மேலே சருகைப் போட்டது. பக்கத்திலேயே காவல் இருந்தது. செவத்தி மலை ஏறி வந்து சேர்வதற்குள் சில நாள் ஆனது. அதற்குள், பகல் வெயிலின் சூட்டுக்கு ஒரு சின்ன முளை எட்டிப் பார்த்தது!

"வளரு கண்ணு, சீக்கிரம் வளரு!" என்று மாதி கெஞ்சியது.

அன்று இரவு பனி கொட்டியது. காலையில் முளை கருகிப்போய்த் தலை தொங்கிக் கிடந்தது.

அந்த நேரம் பார்த்துத்தானா செவத்தி வர வேண்டும்! குளிரில் காது இரண்டும் கிடுகிடு என்று ஆடின.

"அக்கா! நான்தான் செவத்தி! அம்மாடி, உடம்பெல்லாம் என்னக்கா, ஊசியா?"

"கிட்ட வராதே அம்மணி, குத்திடும்!"

"சரிங்கக்கா, தள்ளியே நிக்கிறேன். எங்கே அந்த மொட்டு?"

காட்டுப்பன்றி தின்றுவிட்டது என்று சொல்லத்தான் மாதி வாயைத் திறந்தது. செவத்தியின் கால்களைப் பார்த்தது. மலை ஏறி ஏறி நான்கும் சிவந்து போயிருந்தன. பொய் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

"மொட்டும் இல்லை, ஒண்ணும் இல்லை அம்மணி. பொய் சொல்லிட்டேன். நீ பூத்துடுச்சுன்னதும் எனக்கு வெட்கமாப் போச்சு. இருந்த ஒரே கிழங்கையும் பனியில நட்டுக் கெடுத்துட்டேன்."

செவத்திக்கு முகம் சுண்டிப்போனது.

"இதுக்காகவாக்கா நான் காது விறைக்க வந்தேன்? பூ இல்லைன்னு சொல்லியிருந்தா, என் சாமந்தியில ஒரு கை பறிச்சாவது கொண்டாந்திருப்பேனே! உங்க வீட்டுலதான் கொட்டிக் கிடக்குதேன்னு வெறுங்கையை வீசிக்கிட்டு வந்துட்டேன்!"

மாதி தலையைக் குனிந்துகொண்டது. செவத்தியோ பாறை ஓரமாகப் போய் மண்ணைப் பறிக்க ஆரம்பித்தது. முயலுக்குப் பறிக்கச் சொல்லியா தர வேண்டும்? கிழங்கு வெளியே வந்தது. பாதி கொழகொழ என்று இருந்தது. மறு பாதி கெட்டியாக இருந்தது.

"அக்கா! இந்தப் பக்கம் முளைக்கிற கண்ணு ஒண்ணு உயிரோட இருக்கு! கெட்டதை மட்டும் கடிச்சு எடுங்க!"

மாதி கிழங்கை வாயில் வைத்தது. நாக்கில் எச்சில் ஊறியது.

"அம்மணி, இது எனக்குப் பெரிய சோதனை!"

"முழுங்கிடாதீங்கக்கா! துப்புங்க, துப்புங்க!"

மாதி துப்பியது. நல்ல பாதியைச் செவத்தி எடுத்துக்கொண்டது.

"இதை என்கிட்ட விடுங்கக்கா. எங்க பக்கம் இப்ப இதமான சூடு, முளைச்சுடும். வெயில் கொளுத்தறதுக்குள்ள திருப்பிக் கொண்டாந்துடறேன். அப்புறம் அதுக்கு உங்க குளிர்தான் வேணும்."

மாதி தயங்கியது. "என்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான் அம்மணி."

"தெரியுங்கக்கா. அதனாலதான் கேட்கிறேன்."

மாதி கொடுத்துவிட்டது. அதன் பிறகு தினமும் வளை வாசலில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் குருவி வந்தது.

"ஒரு முளை வந்திருக்காம். அவ்வளவுதான் சேதி. சப்புன்னு இருக்கு. ரெண்டு மொட்டாவது சேர்த்துச் சொல்லட்டுமா?"

"ஒண்ணும் சேர்க்காதே! ஒரு முளையா? ஒரு முளைதானே? அது போதும்!" என்று மாதி அந்தப் பனிப் புல்லிலேயே உருண்டது.

பங்குனியில் செவத்தி ஈர மண்ணோடு கன்றைக் கொண்டுவந்து கொடுத்தது. இரண்டும் சேர்ந்து நட்டன. சித்திரை பிறந்தது. குளத்தங்கரையில் தண்ணீர் வற்றி, சாமந்தியெல்லாம் காய்ந்துவிட்டது. செவத்தி மலைக்கே வந்து மாதியின் வளையில் தங்கிவிட்டது. வைகாசியில் ஒரு காலை, கருஞ்சிவப்பாக, செவத்தியின் முகத்தளவு ஒரு டேலியா விரிந்து நின்றது. இரண்டும் அதன் இரண்டு பக்கமும் உட்கார்ந்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தன.

பூ அந்தந்த மண்ணில் அதற்குரிய காலத்தில்தான் பூக்கும், இல்லாததை இல்லை என்று வாய்விட்டுச் சொன்னால்தான் உதவிக்கு ஒரு கை வரும், அதனால் பிள்ளைகளே, நீங்களும் — அட, உள்ளேயிருந்து அத்தை கூப்பிடறாங்க. இதோ வந்துட்டேன் அத்தை, அழுற பாப்பாவைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க!