சாவியைத் திருகிப் பார்த்தவர்

"அம்மிணி, வாங்கி ஒரு வருசங்கூட ஆகலை. ரெண்டாவது தடவையா செத்துப்போச்சு. ஏன்?"

சென்னியப்பன் கார் பேட்டரியை மொபெட்டிலிருந்து இறக்கி மேஜைமேல் வைத்தார். மூச்சு வாங்கியது.

தாராபுரம் சாலையில் பேட்டரிக் கடை வைத்திருப்பவள் ரஞ்சிதம். வயது முப்பத்திரண்டு. அந்த வட்டாரத்து மெக்கானிக்குகள் அவளை வாத்தியாரம்மா என்பார்கள். கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னால் கேட்டவருக்கு மறந்துவிடும் என்பது அவள் எண்ணம்.

"காரை எங்கெல்லாம் ஓட்டினீங்கண்ணா?"

"ஓட்டறதா! ரெண்டு மாசமா வாசலைத் தாண்டலை. பொண்ணைத் தலைப்பிரசவத்துக்குக் கூட்டிட்டு வந்திருக்கறோம். எந்நேரம் வலி எடுக்குமோ. அந்நேரம் பார்த்து நான் காரை எடுத்துட்டு எங்கியாவது போயிருந்தா? அதான் ரோட்டைப் பார்த்தாப்பல நிறுத்தியே வெச்சிருக்கறேன். கடை கண்ணிக்கெல்லாம் மொபெட்தான்."

"காரைத் தொடறதே இல்லீங்களா?"

"அப்படி விட்டுருவனா? காலைல ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா, பொழுது சாய ஒருக்கா. சாவியைத் திருகுவேன். உறுமுச்சுன்னா மனசு நிம்மதி. உடனே அணைச்சிருவேன்."

ரஞ்சிதம் பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீர் விட்டுத் தேய்த்தாள். துடைத்தாள். சார்ஜ் போட்டாள்.

"சாயங்காலம் ஆகும். உட்காருங்க."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அண்ணா, கொஞ்சம் எந்திரிச்சு வாங்க."

வந்தார்.

"ஒண்ணுமில்லீங்க. உட்காருங்க."

முதுகு சாய்வதற்குள் மறுபடியும், "அண்ணா, எந்திரிங்க."

எழுந்தார்.

"சரி, உட்காருங்க."

ஏழாவது தடவை முழங்கால் மக்கர் செய்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன அம்மிணி, கேலியா? எதுக்குத்தான் கூப்படறீங்க?"

"எந்திரிப்பீங்களான்னு பார்த்தேன்."

"அதை ஏழு தடவையா பாக்கோணும்? எந்திரிக்கறதுலதானே மனுசனுக்குப் பாதி சீவன் போகுது! நாலு எட்டு நடக்க விட்டாலாவது கால் பழகும். அதுவுமில்லாம எழுப்பறதும் உட்கார வெக்கறதுமா இருந்தா, நெசமாலுமே வேலைன்னு வர்றப்ப எந்திரிக்கறதுக்கு என்ன மிச்சம் இருக்கு..."

நிறுத்தினார்.

சார்ஜில் கிடந்த பேட்டரியைப் பார்த்தார்.

ரஞ்சிதம் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார்.

"அப்ப என்ன பண்றது?"

"வாரத்துல ரெண்டு நாள் முக்கால் மணி நேரம் ஓட்டுங்க. பொண்ணையும் ஏத்திக்குங்க. ஆஸ்பத்திரி ரோட்லயே போய்ட்டு வாங்க. நடுவுல அணைக்காதீங்க. ஓடறப்பத்தான் பேட்டரிக்குத் தீனி கிடைக்கும்."

"மத்த நாளு?"

"தொடாதீங்க."

"தொடாம எப்படி? கிளம்புமா கிளம்பாதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ரஞ்சிதம் அவர் முகத்தையே பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, தூங்கற பொண்ணையும் எழுப்பி வலி வந்துருச்சான்னு கேக்கறீங்களா?"

சென்னியப்பன் செம்பைக் கீழே வைத்தார்.

"நேத்து ரெண்டு தடவைதான்" என்றார்.