மைனாவின் ஹவுஸ்ஃபுல்

ஒரு காட்டில் இங்கிலீஷ் தெரிந்த மைனா ஒன்று இருந்தது. தெரிந்தது ஒரே ஒரு சொல்தான். அது நடந்த நடையைப் பார்த்தால் அப்படித் தெரியாது.

கொஞ்ச காலம் அது டவுனில் ஒரு சினிமாக் கொட்டகையின் கூரையில் குடியிருந்தது. சில நாட்களில் வாசல் காவலாளி ஒரு பலகையை மாட்டிவிட்டு, "ஹவுஸ்ஃபுல், ஹவுஸ்ஃபுல்" என்பார். உடனே வந்தவர்கள் எல்லாம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பிப் போவார்கள். 'திரும்பிப் போ' என்பதற்கு இங்கிலீஷில் அதுதான் சொல் என்று மைனா முடிவு கட்டிக்கொண்டது.

ஐப்பசி அடைமழையில் மைனா ஒரு முயலின் குகையில் ஒதுங்கியது. அங்கே முயலும் அதன் இரண்டு குட்டிகளும் இருந்தன. வாசல்தான் குறுகல், உள்ளே தாராளமாக இடம் இருந்தது.

நனைந்துபோன அணில் ஒன்று ஓடிவந்தது. "உள்ளே கொஞ்சம் இடம் கிடைக்குமா அக்கா?"

முயல் பதில் சொல்வதற்குள் மைனா முந்திக்கொண்டது. "ஹவுஸ்ஃபுல்."

அணிலுக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்கவும் கூச்சம். பேசாமல் திரும்பிப் போனது. அடுத்து முள்ளம்பன்றி வந்தது. அதற்கும் "ஹவுஸ்ஃபுல்"தான். பாவம், அது பக்கத்துப் புதரடியில் போய் உட்கார்ந்து நனைந்தது.

"இடம்தான் இருக்கே" என்றது முயல்.

"உனக்கு இங்கிலீஷ் தெரியுமா?" என்று கேட்டது மைனா.

முயல் குட்டிகள் பக்கம் திரும்பிக்கொண்டது.

அப்போது கீழே பாதையில் ஒரு நரி போய்க்கொண்டிருந்தது. அது குகைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மைனாவும் சும்மா இருந்திருக்கலாம். நாக்கு சும்மா இருந்தால்தானே? "ஹவுஸ்ஃபுல்" என்று கத்தியது.

நரி நின்றது. அதன் முகம் மலர்ந்தது.

"அப்படியா மைனா? நானும் அந்தக் கொட்டகைக்குப் பின்னால எச்சில் பொட்டலம் பொறுக்கினவன்தான். உள்ளே கூட்டம் நிரம்பி வழியுதுன்னு அர்த்தம். ஒரு எலிகூடக் கிடைக்காம வந்தேன், நல்ல சேதி சொன்னே" என்று மேடேறி வரத் தொடங்கியது.

மைனா வாசலை விட்டு உள்ளே பதுங்கியது. அதற்காவது இறக்கை இருக்கிறது, முயல் குட்டிகளுக்கு என்ன இருக்கிறது?

முயல் தன் குட்டிகளை அணைத்துக்கொண்டு குரல் கொடுத்தது. "முள்ளம்பன்றி அண்ணே, சீக்கிரம் உள்ளே வாங்க!"

"ஹவுஸ்ஃபுல்லுன்னு சொன்னீங்களே?"

"இடம் இருக்கு அண்ணே, வாங்க!"

முள்ளம்பன்றி கோபம் பாராட்டவில்லை. தலையை உள்ளே நுழைத்து, முதுகு முள்ளையெல்லாம் சிலிர்த்து, வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. நரி மூக்கை நீட்டியது. சுருக்கென்று குத்தியது.

"கொஞ்சம் நகருங்க" என்றது நரி, மூக்கைத் தேய்த்தபடி.

"ஹவுஸ்ஃபுல்" என்றது முள்ளம்பன்றி.

இந்த முறை சொல் சரியாகவே இருந்தது. நரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பிப் போனது.

முள்ளம்பன்றி உள்ளே நகர்ந்து படுத்தது. சற்று நேரத்தில் அணில் மறுபடி வந்தது. தூரத்தில் நின்றே கேட்டது. "இப்பவாவது இடம் இருக்கா?"

எல்லாரும் மைனாவைப் பார்த்தார்கள். மைனா ஓரமாகத் தள்ளி உட்கார்ந்தது.

"இருக்கு, வா" என்றது, நல்ல தமிழில்.

நீதி: இடம் இருக்கும்போது இல்லை என்று சொல்லாதே, பொருள் தெரியாத சொல்லால் அதைச் சொல்லவே சொல்லாதே.