அடுத்தவன் பந்து

"மேடம், காது மூட மாட்டேங்குது."

பெலவேந்திரன் இதைச் சொன்னது கோல்ஃப் மைதானத்தின் பதினைந்தாவது குழியில், பந்தை அடிக்க ஸ்டிக்கை ஓங்கிவிட்டு. ஓங்கினவன் அடிக்காமல் இறக்கிவிட்டான்.

"என்ன கேக்குது?" என்றாள் கமலவேணி.

"எல்லாம் கேக்குது. வேலிக்கு அந்தப் பக்கம் காதுகுத்து வீட்டு மைக் செட். வளைவுல லாரி ஹாரன். இந்தப் பையன் மெல்லுற பபிள்கம். பின்னாடி ரெண்டு மெம்பருங்க மிளகாய் பஜ்ஜியப் பத்திப் பேசிட்டே வர்றாங்க."

"பஜ்ஜி எப்படி இருந்துச்சாம்?"

"எண்ணெய் ஜாஸ்தியாம்."

அவள் சிரிக்கவில்லை. அவனுக்கும் சிரிப்பு வரவில்லை.

கமலவேணிக்கு முப்பத்தொன்று. அவனுக்கு முப்பத்தொன்பது. அவள்தான் குரு, அவன்தான் சிஷ்யன். கிளப்பில் பாதிப் பேருக்கு இது தமாஷ். ஒரு காலத்தில் மாநிலத்துக்காக ஆடியவள் அவள். மணிக்கட்டு முறிந்து, சரியாகக் கூடாமல் போய், சொல்லிக்கொடுக்க வந்துவிட்டாள். அவன் அவளை மேடம் என்பான். அவள் அவனை அண்ணே என்பாள். இன்றைக்கு அவன் பையை அவளே தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

பெலவேந்திரன் இருபத்திரண்டு வருஷம் இதே மைதானத்தில் கேடியாக இருந்தவன். அதாவது, அடுத்தவன் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்தவன் பின்னால் நடந்தவன். நன்றாக ஆடுகிறான் என்று தெரிந்ததும் கிளப்பில் ஒரு வருஷம் விட்டுப் பார்த்தார்கள். போட்டி ஆட்டக்காரனாகத் தேறினால் தேறட்டும், இல்லாவிட்டால் திரும்பி வந்து பை தூக்கட்டும் என்றார்கள்.

மூன்று தகுதிச் சுற்று போயாயிற்று. மூன்றிலும் தேறவில்லை. இது நாலாவது. வருஷம் இன்றோடு முடிகிறது.

பதினான்கு குழி முடிந்தபோது கணக்கில் ஒரு அடி மிச்சம் வைத்திருந்தான். மீதி நாலையும் ஒழுங்காக ஆடினால் போதும், தேறிவிடுவான். அதனால்தான் காது இப்படி விரிந்துகொண்டது.

"பை தூக்குனப்போ இந்தச் சத்தமெல்லாம் இல்லையாண்ணே?"

"இருந்துருக்கும். யாருக்குத் தெரியும்?"

"சரி, அடிங்க."

அடித்தான். அவன் ஓங்கும்போது மைக் செட்டில் யாரோ 'ஹலோ, ஹலோ, ஒன், டூ' என்றான். பந்து மணலில் போய் விழுந்தது.

மிச்சம் இருந்த ஒரு அடியும் காலி.

பதினாறாவது குழியில் நிதர்ஷன் முதலில் அடித்தான். கூட ஆடுகிற பபிள்கம் பையன் இவன்தான். கோயம்புத்தூர், இருபத்திரண்டு வயது, அப்பா கூட்டத்தில் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். பையன் அடித்த பந்து வலதுபக்கம் வளைந்து கற்பூர மரங்களுக்குள் போனது. அவனுடைய கேடி வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

அடுத்து பெலவேந்திரன் அடித்தான். அவன் பந்து இடதுபக்கம் தேயிலைச் செடிக்குள் போனது.

நிதர்ஷன் மரத்துக்கு மரம் தாவித் தேடிக்கொண்டிருந்தான். தேட மூன்று நிமிஷம்தான். அதற்குள் கிடைக்காவிட்டால் பந்து தொலைந்த கணக்கு.

"தம்பி, அங்க இல்ல" என்று பெலவேந்திரன் குரல் கொடுத்தான். "மூணாவது மரம். வேருக்கு இந்தப் பக்கம். சருகை ஒதுக்கிப் பாருங்க."

இருந்தது.

"செம கண்ணு அண்ணா உங்களுக்கு!"

பெலவேந்திரனுக்கு ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்துபோயிற்று. அப்புறம்தான் கமலவேணி தேயிலைக்குள் தனியாகக் குனிந்து நிற்பதைப் பார்த்தான். ஓடினான்.

"உங்களுது எந்தச் செடிண்ணே? எனக்கு இந்த வரிசைன்னு மட்டும்தான் தெரியுது."

"தெரியலைங்க மேடம்."

"அடிச்சது நீங்கதானே?"

"நான்தான்."

"பாக்கலையா?"

அடிக்கும்போதே அவன் கண் மூன்றாவது மரத்தில் இருந்தது. பையன் சருகை மிதித்துவிடப் போகிறானே என்ற கவலை வேறு.

தேயிலை பாய் விரித்த மாதிரி இருந்தது. மூன்று நிமிஷம் தீர்ந்தது. பந்து கிடைக்கவில்லை. திரும்பப் போய் வேறு பந்தை அடித்தான். ரெண்டு அடி போச்சு.

பதினேழாவதுக்கு நடக்கும்போதுதான் அவன் வாயைத் திறந்தான்.

"இருபத்திரண்டு வருஷம் மேடம். கண்ணு அடுத்தவன் பந்துக்கு ஓடியே பழகிருச்சு. காது அடுத்தவன் கூப்பிடறதுக்குக் காத்துருந்தே பழகிருச்சு. இப்ப என்ன பண்ணட்டும்? பிடுங்கிப் போட்டுரட்டுமா?"

குரு மூக்கைச் சிந்தினாள்.

"ஏதாச்சும் சொல்லுங்க மேடம். அதுக்குத்தானே வந்தீங்க?"

"சளி பிடிச்சிருக்கு" என்றாள்.

அவன் அவள் கையிலிருந்த டிஷ்யூவில் பாதியைக் கிழித்து உருட்டி ரெண்டு காதிலும் அடைத்துக்கொண்டான். பந்தின் முன் நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

"என்ன?" என்று வாயசைத்தாள்.

"இப்ப என் நெஞ்சு கேக்குது. இது மைக் செட்டை விட மோசம்."

பின்னால் வந்த மெம்பர்கள் சிரித்தார்கள். அவன் காதிலிருந்ததைப் பிடுங்கி எறிந்தான். கமலவேணி குனிந்து பொறுக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

அந்தக் குழியில் ஒரு அடி போச்சு.

கடைசிக் குழி சின்னது. மூன்று அடியில் முடிக்க வேண்டியது. பெலவேந்திரன் மனசுக்குள் கூட்டிக் கழித்தான். மூன்று அடி பின்னால் இருந்தான். ஒரே அடியில் பந்து நேராகக் குழிக்குள் விழுந்தாலும் ரெண்டுதான் மிச்சமாகும். பத்தாது. எப்படி அடித்தாலும் பத்தாது.

முடிந்துவிட்டது. ஆட்டம் முடியவில்லை, ஆனால் முடிந்துவிட்டது.

அவன் புல்லில் உட்கார்ந்தான். அழவில்லை. அழுதிருந்தால் தேவலாம் போல இருந்தது அவன் மூஞ்சி.

"விலகிட்டேன்னு நீங்களே போய் எழுதிக் குடுத்துருங்க மேடம். நான் வரல."

கமலவேணி பையைத் தோளிலிருந்து இறக்கி அவன் முன்னால் வைத்தாள்.

"தூக்குங்க."

"எதுக்கு?"

"நாளைக்குத் தூக்கத்தானே போறீங்க?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். இப்படி ஒரு வார்த்தையை எதிரிகூடச் சொல்ல மாட்டான். அவள் முகத்தில் கேலி இல்லை. இரக்கமும் இல்லை. வெறுமனே நின்றாள்.

எழுந்தான். தூக்கினான்.

வார் தோளில் எங்கே உட்கார வேண்டுமோ அங்கே தானாக உட்கார்ந்தது. அவன் நடை மாறியது. யாருமே முன்னால் போகவில்லை, இருந்தும் யாருக்கோ மூன்றடி பின்னால் வருகிற மாதிரி நடந்தான். அடிக்கிற மேடைக்கு வந்து, ஸ்டிக் ஒன்றோடொன்று இடிக்காமல் பையை இறக்கினான். நாலு புல்லைக் கிள்ளிக் காற்றில் விட்டான். அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தான்.

"நூத்தி முப்பத்தெட்டு கஜம். எதிர்க்காத்து. ஏழு வேண்டாம் சார், ஆறு எடுங்க" என்றான்.

அங்கே சார் யாரும் இல்லை.

ஆறாம் நம்பர் ஸ்டிக்கை உருவினான். துண்டால் துடைத்தான். இடது கையிலிருந்து வலது கைக்குக் கொடுத்தான். அடித்தான்.

பந்து மேலே ஏறியது. அவன் கண் அதை விடவில்லை. பனிக்குள் போனபோதும் விடவில்லை. கீழே வந்து, ஒருதரம் குதித்து, உருண்டு, குழிக்கு ரெண்டடி தள்ளி நின்றது வரை பார்த்துக்கொண்டே இருந்தான்.

பின்னால் பஜ்ஜி மெம்பர்கள் கை தட்டினார்கள்.

நிதர்ஷன் ஓடி வந்தான். "சாரிண்ணா, ரொம்ப சாரி. எங்கப்பாவோட போன். எத்தனை தரம் ஆஃப் பண்ணச் சொன்னேன், கேக்க மாட்டேங்கிறார்."

"எந்த போன்?"

"நீங்க ஓங்குறப்போ அடிச்சுதேண்ணா. உங்களுக்குப் பின்னாடி, அஞ்சடியில. பாட்டு மொத்தமும் ஓடி முடிஞ்சுது."

பெலவேந்திரன் அவனைப் பார்த்தான். அவனுடைய அப்பாவையும் பார்த்தான். அவர் போனை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு அசடு வழிந்தார்.

பெலவேந்திரனின் முகம் வெளுத்தது. திரும்பி கமலவேணியிடம் போனான். கிட்டத்தட்ட அடிக்கப் போகிறவன் மாதிரி போனான்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

அவள் பாக்கெட்டில் டிஷ்யூவைத் தேடினாள்.

"தெரிஞ்சும் பதினேழு ஹோல் பையை நீங்களே வச்சிருந்தீங்க. காலையில மொத ஹோல்லயே என் தோள்ல போட்டிருக்கலாமே மேடம்! நான் தேறியிருப்பேனே! எனக்கு இது ஒண்ணுதானே இருந்துச்சு!"

கடைசி வார்த்தை அவனுக்குச் சரியாக வரவில்லை.

கமலவேணி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"மொத ஹோல்ல உங்களுக்கு நம்பிக்கை இருந்துச்சுண்ணே" என்றாள்.