தெளியாத படம்

ஓடைமாறன்பட்டி சமஸ்தானம் எந்த வரைபடத்திலும் கிடையாது. வரைபடக்காரர் வந்த நேரத்தில் சமஸ்தானமே மதியத் தூக்கத்தில் இருந்தது. எழுந்து பேர் சொல்ல ஆளில்லாததால் அவர் பாட்டுக்குப் போய்விட்டார். நடந்தது அங்கேதான்.

அங்கே ராஜா கனகவேல் பூபதிக்குப் புகைப்படப் பைத்தியம் பிடித்திருந்தது. அரண்மனைப் படங்களில் எல்லாரும் விறைத்து நின்றதைப் பார்த்து அலுத்துப்போன மகாராணி ஒரு போட்டி வைத்தாள். மனுஷர் தன்னை மறந்திருக்கும்போது எடுத்த படம் வேண்டும். ஜெயித்தவர் ஆஸ்தானப் படக்காரர். தோற்றவனின் கேமராப் பெட்டி அரண்மனைக் கிணற்றுக்குள் போகும் என்று ராஜா தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார்.

போட்டியில் இரண்டே பேர். ஒருவர் பட்டணத்தில் படித்துவிட்டு வந்த சித்திர அதிகாரி கோதண்டபாணி. பூதக்கண்ணாடி இல்லாமல் பெண்டாட்டி முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார் என்று பேச்சு. இன்னொருவன் சந்தியாகு. அவனுக்கு உலகத்தில் இருந்த ஒரே சொத்து அந்தப் பெட்டிதான். தன்னை மறந்த மனுஷரைத் தேடி இருவரும் தனித்தனியே போய்ச் சேர்ந்த இடம் ஒன்றே: கள்ளுக்கடை. கோயிலுக்கும் போய்ப் பார்த்தார்களாம். அங்கே முதல் மரியாதை யாருக்கு என்பதை ஒருவரும் மறக்கவில்லை.

சபை கூடியது. கோதண்டபாணியின் படத்தில் பதினொரு குடிகாரர்கள் தலைவாரி, பொத்தான் போட்டு, வரிசையாக நின்றார்கள். பக்கத்தில் பூச்சாடி. பானை விளிம்பில் ஊர்ந்த எறும்பின் கால்களை எண்ணலாம். சந்தியாகுவின் படத்தில் ஒன்பது பேர். ஒருவன் சிரித்துக்கொண்டே சரிகிறான். ஒருவன் பானையைக் கட்டிக்கொண்டு அழுகிறான். ஒரு முகமும் சரியாகத் தெரியவில்லை. எல்லாம் கலங்கிக் கிடந்தது.

கோதண்டபாணி பூதக்கண்ணாடியை மடக்கினார். "தெளிவு இல்லை மகாராஜா. தெளிவு இல்லாதது படமே இல்லை."

ராஜா தலையாட்டினார். சந்தியாகு பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டான். அதை ஆவுடைக் கவிராயர் பார்த்துவிட்டார். சபைப் புலவரான அவருக்கு வாயைச் சும்மா வைத்திருந்தால் உடம்புக்கு ஆகாது. மகாராணியும் அவர் பக்கம் திரும்பி அபிப்பிராயம் கேட்டாள்.

கவிராயர் எழுந்தார். "அதிகாரி படத்தில் தெளிவு இருக்கிறது, தாயே. பதினொரு பேரும் தெளிந்துதான் நிற்கிறார்கள். தெளிந்தவனுக்குக் கள்ளுக்கடையில் என்ன வேலை என்பதுதான் எனக்குப் புரியவில்லை."

சபை சிரித்தது. கோதண்டபாணி சிரிக்கவில்லை. படம் பிடிக்கும்போது பயல் கை ஆடிவிட்டது, படமும் ஆடிவிட்டது என்றார். கவிராயர் படத்தை வாங்கிப் பார்த்தார். தூண் ஆடவில்லை, பானை ஆடவில்லை, கூரை ஓலைகூட ஆடவில்லை. ஆடியிருப்பது குடித்தவர்கள் மட்டுமே, பெட்டி குடிக்கவில்லை என்று விளக்கினார்.

ராஜா மசியவில்லை. "வார்த்தை விளையாட்டெல்லாம் ஏட்டில் வைத்துக்கொள்ளும், கவிராயரே. எனக்குத் தெளிவு வேண்டும். பெட்டியைக் கிணற்றில் போடுங்கள்." சொல்லிவிட்டு நீர்மோர் கேட்டார்.

மோர் வந்தது. ராஜாவின் மீசை காதைத் தொடும். எதைக் குடித்தாலும் இடது கை இரண்டு விரலால் மீசையைத் தூக்கிப் பிடித்து, சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு குடிப்பார். இப்போதும் அப்படியே குடித்தார். கவிராயர் அதைப் பார்த்தார். கையில் இருந்த படத்தைப் பார்த்தார். மறுபடி ராஜாவைப் பார்த்தார்.

கோதண்டபாணியிடம் பூதக்கண்ணாடியை இரவல் வாங்கினார். படத்தில் மூலையில் முண்டாசு கட்டிய ஒரு பெரிய உடம்பு. முகம் கலங்கியிருந்தது. ஆனால் மீசையைத் தூக்கிய இரண்டு விரலும் நீட்டிய சுண்டுவிரலும் ஆடவே இல்லை. இத்தனை நேரம் அதிகாரி அந்தக் கண்ணாடியால் கோடு கலங்கியதைப் பார்த்தாரே தவிர, ஆளைப் பார்க்கவில்லை.

எப்போது எடுத்த படம் என்று சந்தியாகுவிடம் கேட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் என்றான். வெள்ளி மத்தியானம் ராஜா மாறுவேடத்தில் நகர்சோதனைக்குப் போகிற நேரம். மகாராணியிடம் அப்படித்தான் சொல்லியிருந்தது.

கவிராயர் கைகட்டி நின்றார். "மகாராஜா சொன்னதே சரி. தெளிவு வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. இந்த ஒன்பது பேரில் எட்டுப் பேரை எனக்குத் தெரியும். மூலையில் மீசையைத் தூக்கிப் பிடித்திருக்கும் ஒன்பதாவது ஆளைத்தான் தெரியவில்லை. சேவகர்களை விட்டுத் தேடினால் சாயங்காலத்துக்குள் அகப்பட்டுவிடுவான். ஒன்பது பேரையும் நாளை இதே சபையில் மகாராணிக்கு எதிரே உட்காரவைத்து, கையில் கள்ளைக் கொடுத்து, அசையாமல் எடுத்துவிடலாம். எல்லா முகமும் தெளிவாக விழும்."

ராஜாவுக்குப் புரை ஏறியது. மோர் மூக்கு வழியாக வந்தது. படத்தைப் பிடுங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பெட்டிக்கு மாலை போடச் சொன்னார். இந்தக் கலக்கம்தான் கலை, ஒரு துளி தெளிவு கூடினாலும் படம் கெட்டுவிடும் என்று கால் மணி நேரம் பேசினார். அவர் அவ்வளவு நன்றாகப் பேசிச் சபை கேட்டதில்லை. கோதண்டபாணியே அதைக் குறித்துக்கொண்டார்.

தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்துக் கவிராயருக்குப் போர்த்தும் சாக்கில் ராஜா காதருகே குனிந்தார். "அந்த ஒன்பதாவது ஆள் யாரென்று உமக்கு நிஜமாகவே தெரியாதா?"

"படம் தெளிவாக இல்லையே, மகாராஜா."

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். சந்தியாகு ஆஸ்தானப் படக்காரன் ஆனான். கோதண்டபாணியின் பெட்டியைக் கிணற்றில் போடும் பேச்சை ராஜா எடுக்கவே இல்லை. படத்தை மகாராணி கேட்டு வாங்கிக்கொண்டாள். சாப்பாட்டுக் கூடத்தில், ராஜாவின் மணைக்கு நேர் எதிரே மாட்டினாள்.

அன்றிலிருந்து ராஜா மோர் குடிக்கும்போது மீசையைத் தொடுவதில்லை. இரண்டு பக்கமும் சொட்டச் சொட்டக் குடிப்பார். மகாராணி படத்தை ஒரு தரம் பார்ப்பாள், துடைத்துக்கொள்ளத் துண்டை எடுத்துக் கொடுப்பாள்.